ஏவல் சுறா

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு எங்க உக்காந்தா என்ன? காத்து வந்தாலும் எரியுது, வராட்டாலும் எரியுது. இல்லை இல்லை, உடம்புக்கு ஒண்ணுமில்லை. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வாரேன். கல்யாணத்துக்குப் போயிட்டு வாரவன் மூஞ்சி இப்படியா இருக்கும்னு பாக்கீயளா? நல்லாப் பாருங்க. என் கூடப்பிறந்த தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். பையில பட்டுச்சேலை இருக்கு. கொண்டு போனது அப்படியே திரும்பி வருது.

எனக்கு சூசைத்துறை. கேள்விப்பட்டிருப்பீய, ஏவல் சுறாவை அடிச்சுக் கொன்ன ஊரு. டிவியில எல்லாம் போட்டாக. அதுல ஈட்டியோட முன்னால நிக்கது நான்தான். தஸ்நேவிஸ். ஊர்க் கமிட்டித் தலைவரு. அப்ப மீசை கறுப்பு, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியலை.

சுறான்னா நிஜச் சுறா இல்லை தம்பி. நிஜச் சுறா எங்களுக்குப் பழக்கம். அதுக்கு வயிறு நிறைஞ்சா அது பாட்டுக்குப் போயிரும். இது மிஷினு. எங்க கடலைக் குத்தகைக்கு எடுத்தேன்னு ஒரு கம்பெனி வந்துச்சு. கூண்டு போட்டு மீன் வளக்கப் போறாகளாம். அந்தக் கூண்டுக்குக் காவலாம் இது. ஆள் நீளம், கறுப்பு ரப்பர்த் தோலு, உள்ளே பூராவும் இரும்பு. வாயைத் திறந்தா ரம்பம். முதல்ல வலையை அறுத்துச்சு. பிறகு மோட்டார் விசிறியைக் கடிச்சுச்சு. பிறகு வள்ளத்துப் பலகையைக் கடிச்சுச்சு. எங்க ஊருப் பொம்பளைகதான் அதுக்கு ஏவல்னு பேரு வச்சாக. மந்திரவாதி ஏவி விடுவானே, அந்த ஏவல். அதுக்கு நம்ம மேல என்ன கோவம்? ஒண்ணும் கிடையாது. எசமான் கை காட்டணும், இது போய்க் கடிக்கணும். கேள்வி கிடையாது. இவனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே, எதுக்குக் கடிக்கோம்னு ஒரு நினைப்பு கிடையாது. அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம். கடிச்சதை விட அதுதான் ஆத்திரம்.

இன்னொண்ணு கேளுங்க. ஒத்தையா இருந்தா அது ஒண்ணுஞ் செய்யாது. பக்கத்துல வந்து சும்மா சுத்தும். கூட்டந்தான் அதுக்குப் பலம். ஒண்ணு நம்மளைப் பாத்து சீட்டியடிச்ச மாதிரி ஒரு சத்தம் குடுக்கும். அவ்வளவுதான். எங்கெங்கயோ கிடந்ததெல்லாம் திரும்பும். தண்ணி கொதிச்ச மாதிரி ஆயிரும். எது முதல்ல கடிச்சுது, எது பிறகு கடிச்சுதுன்னு யாரும் சொல்ல முடியாது.

லாசருக்குக் கால் போனது அப்படித்தான். லாசர் என் வள்ளத்துல தொழில் பாத்தவன். நல்ல தொழிலாளி. விடியக்காலம் வலை பாறையில சிக்கிருச்சு. இறங்கி எடுத்துட்டு வாரேன் அண்ணாச்சின்னு குதிச்சான். கம்பெனிக்காரன் முந்தின நாளே எல்லை மிதவையைத் தள்ளிப் போட்டிருக்கான், எங்களுக்கு எப்படித் தெரியும்? சீட்டிச் சத்தம் கேட்டுச்சு. நான் குனிஞ்சு அவன் தலைமயிரைப் பிடிச்சுத் தூக்குனேன் தம்பி. மேல வந்தவன் பாதி சத்தம் போட்டான், மீதி சத்தம் வரலை. ஒரு கால்ல முட்டிக்குக் கீழே ஒண்ணுமில்லை. வள்ளம் பூரா ரத்தம். அந்த ரத்தத்துல நின்னுதான் நான் மோட்டாரைப் பிடிச்சேன். மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், அன்னைக்கு நான் இல்லைன்னா லாசர் இல்லை.

ஊரே திரண்டு கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் ஒருத்தன், கண்ணாடி ரூம்ல இருக்கான். உக்காருங்கன்னு சொல்லலை. சுவத்துல பெரிய டிவி. அதுல லாசர் குதிச்சதைப் போட்டுக் காட்டுதான் தம்பி! கால் போறதைக் காட்டுதான். நிப்பாட்டுதான். திரும்பப் போடுதான். ஒரு குச்சியை வச்சுக்கிட்டு, ‘இதுதான் எல்லை, இவரு இவ்வளவு தூரம் உள்ள வந்திருக்காரு பாருங்க’ன்னு பாடம் நடத்துதான். பக்கத்துல இருக்கவன் டீ குடிச்சுக்கிட்டே பாக்கான். லாசர் பொண்டாட்டி அங்கேயே விழுந்துட்டா.

நான் கேட்டேன், ‘உங்களுக்கு மனசாட்சி இருக்கா’ன்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘நாங்க யாரையும் தொடலை சார். அது தானாப் பாக்குது, தானாச் செய்யுது. எங்க கை இதுல இல்லை.’ எப்படி இருக்கு பாருங்க. ஏவி விட்டவன் எங்க கை இல்லைங்கான்! அன்னைக்கு அவன் கழுத்தைப் பிடிச்சிருப்பேன், போலீஸ் நின்னுச்சு.

சரி, இப்பதான் என் மாப்பிள்ளை கதை. மாப்பிள்ளைன்னா தங்கச்சி புருசன். கித்தேரியான்னு பேரு. என் தங்கச்சி எமரன்சியை நான்தான் கட்டிக் குடுத்தேன், நல்ல பயன்னு நம்பி. பேசவே மாட்டான். சிரிப்பான். அவன் வள்ளத்தையும் ஏவல் கடிச்சுப் போட்டுச்சு, வலையும் போச்சு. யாருக்குத்தான் போகலை? ஊர்ல பாதிப் பேருக்குப் போச்சு. எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம்ல? இவன் நேரா அந்தக் கம்பெனியிலயே போய் வேலைக்குச் சேந்துட்டான். நீலச் சட்டை, நெஞ்சுல கம்பெனி முத்திரை. என்ன வேலைங்கீய? அந்தச் சுறாவைக் குளிப்பாட்டுத வேலை! சாயங்காலம் எல்லாம் வரிசையா கம்பெனிப் படகுப் பாலத்தடிக்கு வந்து, மாட்டுக்கிட்ட கன்னுக்குட்டி ஒட்டுன மாதிரி ஒட்டிக்கிடும். இவன் பாசியைச் சுரண்டி, வயரை மாட்டிக் கரண்டு ஏத்தணும். எங்க காலைக் கடிச்ச வாயை இவன் தேய்ச்சுக் கழுவுதான்.

என் வள்ளத்துக்கு வந்திருக்கலாம்ல? கேட்டா நான் மாட்டேன்னா சொல்லுவேன்? ஒரு தடவை வந்து கேட்டான், இல்லைங்கலை. அன்னைக்கு ஆள் நிறைஞ்சிருந்துச்சு. பாப்போம்னு சொன்னேன். பாப்போம்னா என்ன அர்த்தம்? பாப்போம்னுதான் அர்த்தம்.

லாசருக்குக் கால் போன மறுநாள் கோயில் மணியடிச்சுக் கூட்டம் போட்டோம். கம்பெனியில இருக்கவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே வெளியே வரணும், வரலைன்னா ஊர்ல அவனோட ஒட்டு உறவு கிடையாது. நான்தான் சொன்னேன், ஊரு கையைத் தூக்குச்சு. மத்தவனெல்லாம் வந்துட்டான். இவன் எந்திரிச்சு, ‘மச்சான், எனக்குக் கொஞ்ச நாள் வேணும். ஏன்னு இங்க வச்சுச் சொல்ல முடியாது’ங்கான். சபையில! சொந்த மச்சினன்னு விட்டா ஊரு என்னைச் சிரிக்காதா? ‘இன்னையிலிருந்து இவன் வீட்டுக்குத் தண்ணி கிடையாது, கடையில சாமான் கிடையாது’ன்னேன். எமரன்சி என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அழலை. அழுதிருந்தாலாவது பரவாயில்லை.

கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான் தம்பி. ஆளுக்கொரு நியாயம் கிடையாது. ஒருநாள் அவ மகளுக்குக் காய்ச்சல். இன்னைக்குக் கல்யாணம் ஆச்சே, அந்தப் பிள்ளைதான், ஜெர்லின். அப்ப பள்ளிக்கூடம் படிச்சா. ஆட்டோக்காரன் வர மாட்டேன்னுட்டான், ஊருக்குக் கட்டுப்பட்ட பய. எமரன்சி அந்த வளந்த பிள்ளையை முதுகுல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு நடந்தா, வெயில்ல. நான் மாடியில நின்னு பாத்தேன். எனக்கு வருத்தமில்லைன்னா நினைக்கீய? என் பொண்டாட்டி பைக்கை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு கத்துனா. தலைவர் வீட்டு பைக் போனா ஊரு என்ன பேசும்? சொல்லுங்க. புருசன் வேலையை விட்டிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா? எல்லாம் அவனால வந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானம், எல்லாரும் படுத்துக் கிடக்க நேரம், பின்வாசல் வழியா வந்தான். நின்னுக்கிட்டே பேசுனான்.

‘மச்சான், ஒரு விசயம். கூண்டுக்கு நடுவுல மஞ்சளா ஒரு பெரிய மிதவை கிடக்குல்லா, அதுதான் அதுகளுக்கு மூளை. அது சொல்லுததைத்தான் எல்லாம் கேக்குது. அதை உள்ளே திறந்து அமத்திட்டா எல்லாம் செத்த மீனாயிரும். பாசி சுரண்ட வியாழக்கிழமை என்னை அங்க அனுப்புதாக. மனுசனைக் கண்டாலும் நிக்காதேன்னுதான் அவுக அதுக்குச் சொல்லி வச்சிருக்காக மச்சான், நான் என் காதால கேட்டேன். நான் அமத்திருதேன். நீங்க மத்தியானத்துக்கு மேல வள்ளங்களைக் கொண்டு வாங்க.’

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ‘நீ சொல்லி நான் கடலுக்குப் போகணுமால? நீலச்சட்டை போட்டவன் வாயிலருந்து எனக்கு ஒரு உபகாரமும் வேண்டாம். எங்களை மொத்தமா உள்ள வரவச்சுக் கடிக்க விடலாம்னு உன் மேனேஜர் சொல்லி அனுப்புனானா’ன்னு கேட்டேன். அவன் ‘வாங்க மச்சான்’னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டான். நான் யாருக்கிட்டயும் இதைப் பத்திப் பேசலை. எதுக்குப் பேசணும்?

வியாழக்கிழமை போனோம். ஏன் அப்படிப் பாக்கீய? வியாழக்கிழமை போனது அவன் சொன்னதுக்காக இல்லை. அன்னைக்குக் காத்து வாட்டமா இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல போனதும் அதுக்குத்தான், கடல் வெள்ளம் ஏறி இருக்கும். கடல் தொழில் உங்களுக்குத் தெரியாது, விடுங்க.

ஊர்ல இருக்க வள்ளம் அத்தனையும் போச்சு. நான் முதல் வள்ளத்துல. மாதா கொடி கட்டியிருந்தோம். எல்லையைத் தாண்டுனோம், சீட்டிச் சத்தம் இல்லை. கூண்டுக்கிட்ட போறோம். அங்க கிடக்கு தம்பி, கறுப்புக் கறுப்பா, வயித்தை மேல காட்டிக்கிட்டு, அலைக்கு ஆடிக்கிட்டு.  நான்தான் முதல் ஈட்டியை இறக்குனேன். பிறகு கேக்கணுமா? அரிவாள், துடுப்பு, நங்கூரம், கையில கிடைச்சதெல்லாம் கொண்டு அடிச்சோம். கை ஓயுற வரைக்கும் அடிச்சோம். அசையாமக் கிடந்ததையா அடிச்சீகன்னு கேக்கீயளா? லாசரும் இதையேதான் கேட்டான். எங்களைக் கண்டு பயந்து கிடந்துச்சுங்கேன். ஊரு ஒண்ணாத் திரண்டு வந்தா எதுக்கும் பயம் வரும், இரும்புக்கும் வரும்.

கரைக்கு வந்தோம். பொம்பளைக, கிழடு கட்டை, ஊரே கரையில. ஒரே கூப்பாடு. ரெண்டு சுறாவை இழுத்துக் கரையில போட்டுருக்கோம், மிதிக்கானுக, துப்புதானுக. அடிச்ச வெறி இன்னும் இறங்கலை எவனுக்கும். அந்த நேரம் பாத்து கம்பெனிப் படகு ஒண்ணு வந்து ஒதுங்குது. யாரு? கித்தேரியான். நீலச்சட்டையோட வாரான். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். கையைத் தூக்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, எங்களைப் பாத்து ஓடி வாரான்.

நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன் தம்பி. ‘அந்தா வாரான் பாருங்கல’ன்னேன். சத்தமாச் சொன்னேன், ஆமா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லலை. அடிங்கன்னா சொன்னேன்? பிடிங்கன்னா சொன்னேன்?

எவன் முதல்ல ஓடுனான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒருத்தன் ஓடுனான், எல்லாரும் ஓடுனானுக. மணல் தெறிச்சுச்சு. அவனைச் சுத்தி ஆளாத்தான் தெரிஞ்சுச்சு, அவன் தெரியலை. எல்லாம் அவனுக்குத் தெரிஞ்ச ஆளுகதான், கூடப் படிச்சவன், கூடத் தொழில் பாத்தவன், அவன் கல்யாணத்துல பந்தி வச்சவன். நான் நின்ன இடத்துலயே நின்னேன். என் கை அவன் மேல படலை. சத்தியம். துடுப்பு ஒண்ணு தலையில விழுந்த சத்தம் எனக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சு.

லாசர்தான் தடுத்தான். கரையில ஒரு ஓரமா உக்கார வச்சிருந்தாக. ‘விடுங்கல! அவன்தாம்ல அமத்துனது, எங்கிட்டச் சொன்னாம்ல, விடுங்கல’ன்னு கத்திக்கிட்டே, ஒத்தைக் காலை வச்சு மணல்ல தவந்து தவந்து போய், அந்தக் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு, கித்தேரியான் மேல கமந்து படுத்துக்கிட்டான். அவனுக்கும் ரெண்டு அடி விழுந்துச்சு. பிறகுதான் நின்னானுக. நின்னு ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்தானுக.

உசிரு இருந்துச்சு. கண்ணு போயிருச்சு, ரெண்டும். தலையில அடிபட்டா அப்படி ஆகுமாமே, டாக்டர் சொன்னாரு.

கம்பெனி ஆறேழு மாசத்துல மூட்டையைக் கட்டிருச்சு. கோர்ட்டுல கித்தேரியான் சாட்சி சொன்னான், மனுசனைக் கண்டாலும் நிக்காதேன்னு அதுக்குச் சொல்லி வச்சிருந்தாகன்னு. அந்த மேனேஜரை உள்ள வச்சாக. அதனாலதான் கம்பெனி போச்சுன்னு சில பேர் சொல்லுதான். சொல்லட்டும். ஈட்டியைப் பிடிச்சவன் யாரு? போலீஸ் அவன்கிட்ட, உன்னை அடிச்சது யாருன்னு கேட்டிருக்கு. ‘கண்ணு தெரியலை, யாருன்னு தெரியாது’ன்னுட்டான். அடிபட்ட பிறகுதானே கண்ணு போச்சு? அதுக்கு முன்னால தெரிஞ்சிருக்கும்ல? பெரிய மனுசன் மாதிரி மறைக்கான். நாங்க இவன்கிட்டக் கேட்டோமா, காப்பாத்துன்னு? இப்ப ஊர்ல ஒரு பய நிமிந்து பேச மாட்டேங்கான். கமிட்டிக் கூட்டம் போட்டா பாதிப் பேர் வாரதில்லை. வந்தவனும் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கான். எல்லாம் அவன் அந்த ஒரு வார்த்தை சொன்னதால.

எமரன்சி ஊரைக் காலி பண்ணிட்டா. லாசர் பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டாக, ரெண்டு குடும்பமும். ஆள் அனுப்புனேன், பதிலில்லை. பெருநாளைக்குப் பலகாரம் குடுத்து விட்டேன், திரும்பி வந்துச்சு. இப்ப மகளுக்குக் கல்யாணம்னு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாய்மாமனுக்குச் சொல்லலை தம்பி! விடுவேனா? சேலையை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

கோயில் வாசல்ல நிக்கேன். ஜெர்லின் பிள்ளைக்குப் பக்கத்துல, நான் நிக்க வேண்டிய இடத்துல லாசர் நிக்கான். கக்கத்துல ஊனுகட்டை, வேட்டி சட்டை, மாலை வேற. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு! மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் என்னைப் பாத்துட்டு எமரன்சிக்கிட்ட, ‘இவிய யாரு, உங்க பக்கமா?’ன்னு கேக்காரு. அவ என்னைப் பாத்தா. நல்லாப் பாத்தா. ‘தெரியலையே. வழி தப்பி வந்திருப்பாக போல. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க’ன்னா.

கோவிச்சுக்கிட்டு அப்பவே திரும்பியிருக்கணும். திரும்பலை. ஏன்னு தெரியலை, கால் பந்திக்குத்தான் போச்சு. காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்கலை. கடைசி வரிசையில உக்காந்தேன். இலை போட்டாக, சோறு போட்டாக, சீலா மீன் குழம்பு. அப்ப கித்தேரியான் வாரான். நாற்காலி முதுகைத் தடவித் தடவி ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து, ‘சாப்பாடு எப்படி இருக்கு, எந்த ஊரு’ன்னு விசாரிச்சுக்கிட்டே வாரான். சிரிப்பு அப்படியே இருக்கு. எங்கிட்ட வந்தான். ‘நீங்க எந்த ஊருங்க?’ன்னான்.

நான் பேசலை. பேசுனா குரல் தெரிஞ்சிரும்ல. பக்கத்து இலைக்காரன், ‘இவரு பேச மாட்டேங்காரு’ன்னான். கித்தேரியான் என் தோளைத் தொட்டு, அப்படியே கீழே வந்து இடது கையைப் பிடிச்சான். இந்தா பாருங்க, இந்த விரல் பாதிதான் இருக்கு, சின்ன வயசுல நங்கூரக் கயிறு அறுத்தது. அந்த இடத்துல அவன் விரல் வந்து நின்னுச்சு. நின்னுச்சு தம்பி. எவ்வளவு நேரம்னு தெரியலை. இலையில இருந்த சோறு ஆறிப்போச்சு.

பிறகு பரிமாறுதவங்களைக் கூப்பிட்டான். ‘ஏய், இங்க சீலா நடுத்துண்டா ரெண்டு வைங்க. தூரத்துல இருந்து வந்திருக்காக.’ அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கிட்டப் போயிட்டான்.

அவனுக்குத் தெரியாது தம்பி. எப்படித் தெரியும்? கண்ணில்லாதவன். தெரிஞ்சிருந்தா ரெண்டு வார்த்தை கேட்டிருக்க மாட்டானா? நானா இருந்தா கேட்டிருப்பேன். சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன். அந்த மீனைப் போட்டுட்டுப் போறானே, யாருக்குப் போடுதான்? பிச்சைக்காரனுக்கா? நான் தாய்மாமன்! ரெண்டு துண்டையும் தின்னேன். முள்ளு கூட விடலை. தின்னுட்டு, விறுவிறுன்னு எந்திரிச்சு வந்து இந்த பஸ்ஸைப் பிடிச்சேன். கூட்டத்துல கையைக் கூடக் கழுவலை.

நாறுது பாருங்க. உங்க பாட்டில்ல தண்ணி இருக்கா? கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க, ஜன்னல் வழியா கையை நீட்டுதேன். ஊத்துங்க. ஊத்துங்க தம்பி, இன்னும் ஊத்துங்க. எண்ணெய் போகலை.